புது ரூட்டர் மாட்டிய பிறகு நெட் ஏன் அடிக்கடி விட்டுப் போகிறது?

நெட் நிறுவனம் கொடுத்த பழைய பெட்டியின் வைஃபை போதவில்லை என்று, அட்டையில் ஏஎக்ஸ்3000 என்று போட்ட வைஃபை 6 ரூட்டர் ஒன்றை வாங்கி மாட்டியிருக்கிறீர்கள். பிளான் 200 எம்பிபிஎஸ், ஸ்பீட் டெஸ்டில் அது முழுசாகவே வருகிறது. ஆனால் ஒரு நாளைக்கு நாலைந்து தடவை நெட் விட்டுப் போகிறது, ஆபீஸ் மீட்டிங்கில் படம் அப்படியே நின்றுவிடுகிறது, ஸ்மார்ட் பிளக் சேரவே மாட்டேன் என்கிறது, பழைய லேப்டாப்புக்குப் புது வைஃபையின் பெயரே தெரியவில்லை, மாடி அறையிலும் சிக்னல் சுமார்தான். பழசே தேவலாம் போலிருக்கிறதே, திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்கு வேண்டாம். ஆனால் திருப்பிக் கொடுக்கக் கடைசித் தேதி என்ன என்று மட்டும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொன்னது ஒரு பிரச்சினை இல்லை. ரூட்டரை மாற்றிய அதே நாளில் நாலைந்து தனித்தனிப் பிரச்சினைகள் சேர்ந்து வந்திருக்கின்றன. லேப்டாப்புக்குப் பெயர் தெரியாததற்கும் மீட்டிங் நிற்பதற்கும் சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம். எல்லாவற்றுக்கும் ரூட்டரையே குற்றம் சொல்லி ரீசெட் பண்ணிக்கொண்டே இருந்தால் ஒன்றும் விளங்காது. நான் பார்த்த வரையில் இந்த மாதிரிப் புகார்களில் ரூட்டரே பழுதாக இருப்பது குறைவு. அதற்குப் போகும் கரண்ட், அதில் செருகிய கேபிள், பக்கத்தில் இன்னும் உயிரோடு இருக்கிற பழைய வைஃபை, கம்பெனி ‘ஆட்டோ’வில் விட்டிருக்கும் செட்டிங்குகள், இவற்றில் ஏதாவது ஒன்றில்தான் கோளாறு இருக்கும்.

முதலில் நெட் எந்த இடத்தில் அறுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். லேப்டாப்பில் கமாண்ட் பிராம்ப்ட்டை மூன்று ஜன்னலாகத் திறந்துகொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் பிங் கட்டளை (ஒரு முகவரிக்குச் செய்தி அனுப்பி, பதில் வர எத்தனை நேரம் என்று காட்டுவது), அப்புறம் ஒரு முகவரி, கடைசியில் ஒரு ஹைஃபனும் டி எழுத்தும் போட்டால் நீங்கள் நிறுத்தும் வரை அது ஓடிக்கொண்டே இருக்கும் (மேக், லினக்ஸில் அந்த டி வேண்டாம், தானாகவே ஓடும்). முதல் ஜன்னலில் புது ரூட்டரின் முகவரி, பெரும்பாலும் 192.168.0.1 அல்லது அது மாதிரி ஒன்று. இரண்டாவதில் ஃபைபர் வந்து சேரும் பெட்டியின் முகவரி, அதாவது ஓஎன்டி, அது அநேகமாக 192.168.1.1. மூன்றாவதில் 8.8.8.8, அது வெளியே இருக்கும் கூகுளின் சர்வர். மூன்றையும் பக்கம்பக்கமாக வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள்.

நெட் நின்றதும் உடனே ஜன்னல்களைப் பாருங்கள். முதல் ஜன்னலிலேயே 2, 3 மில்லிசெகண்ட் என்று ஓடிக்கொண்டிருந்தது திடீரென்று 180, 400 என்று ஏறி, அப்புறம் ‘ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்’ என்று வரிசையாக வருகிறதா? அப்படியானால் உங்களுக்கும் ரூட்டருக்கும் நடுவில், அதாவது வைஃபையில், கோளாறு. அல்லது ரூட்டரே அணைந்து எழுகிறது. முதல் ஜன்னல் ஒழுங்காக ஓடி இரண்டாவது மட்டும் நின்றால் ரூட்டருக்கும் ஓஎன்டிக்கும் இடையே உள்ள கேபிள், அல்லது ஓஎன்டி. முதல் இரண்டும் சரி, மூன்றாவது மட்டும் போகிறது என்றால் அது லைன். நீங்கள் எத்தனை ரூட்டர் மாற்றினாலும் அது தீராது, நெட்காரரைத்தான் கூப்பிட வேண்டும். மூன்றும் ஓடுகிறது, ஆனால் எந்தத் தளமும் திறக்கவில்லை என்றால் டிஎன்எஸ், அதாவது தளத்தின் பெயரை முகவரி எண்ணாக மாற்றித் தரும் சேவை. ரூட்டரில் டிஎன்எஸ் முகவரியை 1.1.1.1, 8.8.8.8 என்று கையால் போட்டுப் பாருங்கள், அநேகமாக அதோடு முடிந்துவிடும்.

முதல் ஜன்னல் விழும்போது அது வைஃபையா அல்லது ரூட்டர் ரீபூட்டா என்று பிரிப்பதற்கு ரூட்டரின் அட்மின் பக்கத்தில் (பிரவுசரில் அதன் முகவரியைப் போட்டால் திறப்பது) ‘அப்டைம்’ என்று இருக்கும், ரூட்டர் எத்தனை நேரமாக ஓடுகிறது என்ற கணக்கு. காலையில் மூன்று நாள் என்று இருந்தது மத்தியானம் பதினைந்து நிமிடம் என்று காட்டினால் ரூட்டர் அணைந்து எழுந்திருக்கிறது. அப்படி இருந்தால் வைஃபை செட்டிங்கைத் தொடவே தொடாதீர்கள். கரண்ட்டைப் பாருங்கள்.

நம்மூரில் இது ரொம்பவே நடக்கிறது. கரண்ட் போனாலும் நெட் இருக்க வேண்டும் என்று மினி யூபிஎஸ் ஒன்று வைத்திருப்போம். பழைய பெட்டிக்கு 12 வோல்ட், 1 ஆம்பியர் போதும். புது ரூட்டரின் அடாப்டரைத் திருப்பிப் படியுங்கள், 12 வோல்ட் 1.5 ஆம்பியர் அல்லது 2 ஆம்பியர் என்று இருக்கும். அதே மினி யூபிஎஸ்ஸில் ஓஎன்டியையும் சேர்த்து மாட்டியிருப்பீர்கள். யூபிஎஸ்ஸின் மேல் 2 ஆம்பியர் என்று அச்சடித்திருந்தாலும் அது இரண்டுக்கும் சேர்த்துத்தான், அதுவும் உள்ளே இருக்கிற பேட்டரி புதிதாக இருக்கிறவரைதான். சும்மா இருக்கும்போது ரூட்டர் கொஞ்சம்தான் இழுக்கும், ஒன்றும் தெரியாது. வீட்டில் இரண்டு பேர் வீடியோ பார்த்து, ஒருவர் மீட்டிங்கில் உட்கார்ந்து, வைஃபையின் இரண்டு பேண்டும் (2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற அலைவரிசைகள்) முழு மூச்சில் ஓடும்போது இழுப்பு ஏறும், வோல்ட்டேஜ் சரியும், ரூட்டர் ரீபூட் ஆகும். இதனால்தான் ‘மீட்டிங் நேரம் பார்த்துத்தான் போகிறது’ என்று தோன்றுவது; அது உண்மையும்கூட.

இன்னொன்று, பின் அளவு. வெளியில் பார்க்க எல்லா வட்ட பின்னும் ஒரே மாதிரிதான், வெளி விட்டம் 5.5 மில்லிமீட்டர். ஆனால் உள்துளை 2.1 ஒரு வகை, 2.5 ஒரு வகை. 2.5 துளை உள்ள பின்னை 2.1 ஊசி உள்ள ரூட்டரில் செருகினால் போகும், விளக்கும் எரியும், ஆனால் லொடலொடவென்று இருக்கும். யாராவது மேசையைத் தட்டினால் போதும். மினி யூபிஎஸ்ஸோடு வரும் ஒயர்களில் இந்தக் கலப்பு சகஜம். ஆகவே இரண்டு நாளைக்கு யூபிஎஸ்ஸைக் கழற்றிவிட்டு, ரூட்டரோடு வந்த அடாப்டரையே சுவர் பிளக்கில் நேராக மாட்டிப் பாருங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் வேண்டாம். அப்டைம் ஏறிக்கொண்டே போனால் விஷயம் முடிந்தது, பெரிய யூபிஎஸ் ஒன்று வாங்கினால் போதும்.

அதோடு சூடு. பெரும்பாலான வீட்டு ரூட்டர்களின் விவரத்தாளில் இயங்கும் வெப்பநிலை 0 முதல் 40 டிகிரி என்றுதான் போட்டிருப்பார்கள். மே மாதம் நம் ஊரில் வெளியிலேயே அதைத் தாண்டுகிறது. டிவி ஷோகேஸின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், செட்டாப் பாக்ஸின் தலைமேல் வைத்தால் எவ்வளவு இருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். கையை வைத்துப் பாருங்கள், சுடுகிறதென்றால் வெளியே எடுத்துவிடுங்கள்.

அப்டைம் சரி, இரண்டாவது ஜன்னல்தான் விழுகிறது என்றால் கேபிள். ஓஎன்டியிலிருந்து ரூட்டருக்குப் போகும் அந்தச் சின்ன ஒயரை யாரும் சந்தேகப்படுவதே இல்லை. கிகாபிட் ஓட எட்டுக் கம்பிகளும், அதாவது நாலு ஜோடிகளும், வேண்டும். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு ஜோடி போதும், ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும். நீல ஜோடியிலோ பழுப்பு ஜோடியிலோ ஒரு கம்பி கனெக்டருக்குள் சரியாக அழுந்தாமல் (கிரிம்ப் ஆகாமல்) இருந்தால் பழைய 100 எம்பிபிஎஸ் பெட்டிக்கு அது தெரியவே தெரியாது, வருடக்கணக்கில் ஓடியிருக்கும். புது ரூட்டர் கிகாபிட்டில் பேசப் பார்க்கும், முடியாமல் 100-க்கு இறங்கும், சில சமயம் மறுபடி ஏறப் பார்க்கும், ஒவ்வொரு தடவையும் லிங்க் விட்டு வரும். ஸ்பீட் டெஸ்ட் எப்போது எடுத்தாலும் 94, 95-ஐத் தாண்டாமல் நின்றால் இதுதான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். உங்களுக்கு 200 வருகிறது என்கிறீர்கள், ஆனால் அது விட்டுப் போவதற்கு முன்பா பின்பா என்று பாருங்கள். பிளாஸ்டிக் கொக்கி உடைந்த ஒயரையும் தூக்கிப் போடுங்கள். கடையில் கேட்6 பேட்ச் கார்டு ஒரு மீட்டர் வாங்கினால் பெரிய செலவில்லை; செம்பு என்று கேட்டு வாங்குங்கள், அலுமினியத்துக்கு மேல் செம்பு பூசியதும் அதே நிறத்தில்தான் விற்கிறது.

மூன்றாவது ஜன்னல் விழுந்தால் லைன் என்றேன். அதிலும் ஒரு விஷயம் உங்கள் கையில் இருக்கிறது. புது ரூட்டருக்கு இடம் பண்ணுவதற்காக ஓஎன்டியைக் கொஞ்சம் தள்ளி வைத்திருப்பீர்கள், அதன் பின்னால் வரும் மஞ்சள் அல்லது வெள்ளை ஃபைபர் ஒயர் சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில் மடங்கியிருக்கும். கண்ணாடி இழை அது, வளைவு இறுக்கமானால் வெளிச்சம் ஒழுகும். ஓஎன்டியின் அட்மின் பக்கத்தில் நுழைந்து ஆப்டிகல் அல்லது பான் நிலை என்ற இடத்தில் ஆர்எக்ஸ் பவர் (வந்து சேரும் வெளிச்சத்தின் அளவு) என்ற எண்ணைப் பாருங்கள். மைனஸ் 15-லிருந்து மைனஸ் 24, 25 டிபிஎம் வரை இருந்தால் நல்லது. சாதாரண வீட்டு ஃபைபர் (ஜிபான்) பெட்டிகளுக்கு மைனஸ் 27 என்பது விளிம்பு. அதைத் தொட்டுக்கொண்டிருந்தால் விட்டு விட்டுத்தான் வரும். ஒயரை நிமிர்த்தி அகலமான வட்டமாகச் சுற்றி வைத்துவிட்டு மறுபடி அந்த எண்ணைப் பாருங்கள். அப்போதும் மோசம் என்றால் டெக்னீஷியனை வரச் சொல்லி இந்த எண்ணையே சொல்லுங்கள், ‘நெட் ஸ்லோ’ என்று சொன்னால் ரீஸ்டார்ட் பண்ணுங்கள் என்றுதான் பதில் வரும். பச்சை நிற கனெக்டரை நீங்களே கழற்றித் துணியால் துடைக்க வேண்டாம், முனையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்க்கவும் வேண்டாம். அதில் வரும் லேசர் கண்ணுக்குத் தெரியாதது.

சரி, இப்போது வைஃபைக்கு வருவோம். உங்கள் விஷயத்தில் பாதி இதில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் நீங்கள் சொல்லாத ஒன்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது: பழைய பெட்டியின் வைஃபையை அணைத்தீர்களா? பல வீடுகளில் ஓஎன்டியும் பழைய ரூட்டரும் ஒரே பெட்டிதான், அதனால் அதைக் கழற்ற முடியாது, புது ரூட்டரை அதன் பக்கத்திலேயே மாட்டுவார்கள். எல்லா ஃபோனிலும் மறுபடி பாஸ்வேர்டு போட வேண்டாமே என்று பழைய பெயரையும் பாஸ்வேர்டையும் புதியதற்கும் கொடுத்துவிடுவார்கள். யோசனை நல்லதுதான், பழையதை அணைத்திருந்தால். அணைக்காவிட்டால் வீட்டில் ஒரே பெயரில் இரண்டு வைஃபை, இரண்டும் வேறு வேறு நெட்வொர்க். நீங்கள் ஹாலிலிருந்து அறைக்கு நடக்கும்போது ஃபோன் ஒன்றிலிருந்து மற்றதுக்குத் தாவும், ஐபி முகவரி மாறும், ஓடிக்கொண்டிருந்த கால் அறுந்துவிடும். சிக்னல் நாலு கோடும் முழுசாக இருக்கும், ஆனால் கால் போயிருக்கும். ஓஎன்டியின் அட்மின் பக்கத்தில் நுழைந்து 2.4, 5 இரண்டு வைஃபையையும் அணையுங்கள். இது ஒன்றே பலருக்குப் பாதி வியாதியைத் தீர்த்துவிடுகிறது.

இரண்டு பெட்டிகளும் ரூட்டர் வேலை செய்வதை, அதாவது முகவரி மாற்றும் வேலை (நாட்) இரண்டு தடவை நடப்பதை, டபுள் நாட் என்பார்கள், அதுதான் எல்லாவற்றுக்கும் காரணம், உடனே பிரிட்ஜ் மோடு (ஓஎன்டி ரூட்டர் வேலையை விட்டு லைனை அப்படியே கடத்துவது) கேள் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். எனக்கு அதில் அவ்வளவு உடன்பாடில்லை. டபுள் நாட்டால் வீட்டு கேமராவை வெளியிலிருந்து பார்ப்பது, சில கேம்கள், போர்ட் திறப்பது இதெல்லாம் சிக்கலாகும், ஆனால் சாதாரண நெட் அதனால் விட்டு விட்டு வராது. தவிர, நம்மூரில் பல நிறுவனங்கள் வீட்டுக்குத் தனிப் பொது முகவரியே தருவதில்லை. ஓஎன்டியில் வான் முகவரி (வெளி நெட் பக்கத்து முகவரி) 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால் உங்களுக்கு முன்னால் நிறுவனமே ஒரு நாட் வைத்திருக்கிறது, நீங்கள் பிரிட்ஜ் பண்ணியும் கேமரா விஷயத்தில் பெரிய பலன் இல்லை. பிரிட்ஜ் மோடு தருகிறார்கள், நெட் நிறுவனத்தில் நுழைவதற்கான பிபிபிஓஇ யூசர்நேமும் பாஸ்வேர்டும் கையில் இருக்கிறது என்றால் தாராளமாகச் செய்யுங்கள். தராவிட்டால் புது ரூட்டரை ஆக்சஸ் பாயின்ட் மோடில் (வைஃபை மட்டும் தரும் நிலை) போடுங்கள், இரண்டு நாட் என்பதே இருக்காது. ஒன்று மட்டும் கட்டாயம்: இரண்டு பெட்டிகளுக்கும் 192.168.1.1 என்று ஒரே முகவரி இருக்கக்கூடாது. சில ரூட்டர்கள் இந்த மோதலைக் கண்டதும் தாங்களாகவே தங்கள் முகவரியை மாற்றிக்கொள்ளும், அதன் பிறகு பிரிண்டர் எங்கே போனது என்று நீங்கள் தேடுவீர்கள்.

அடுத்தது 160 மெகாஹெர்ட்ஸ். ஏஎக்ஸ்3000 என்ற எண் எப்படி வருகிறது தெரியுமா? 2.4 கிகாஹெர்ட்ஸில் 574 எம்பிபிஎஸ், 5-இல் 2402, கூட்டினால் 2976, அதை 3000 ஆக்கிவிட்டார்கள். அந்த 2402 கிடைக்க வேண்டுமானால் 5 கிகாஹெர்ட்ஸில் சேனல் அகலம் 160 ஆக இருக்க வேண்டும். அவ்வளவு அகலத்துக்கு அந்த பேண்டில் வழக்கமாக இரண்டே இடம்தான் உண்டு, சேனல் 36-லிருந்து 64 வரை ஒன்று, 100-லிருந்து 128 வரை ஒன்று. இரண்டிலுமே ரேடார்களோடு பங்கு போட வேண்டிய சேனல்கள் உள்ளே வருகின்றன. அந்தச் சேனல்களில் ரூட்டர் பேசத் தொடங்குவதற்கு முன் ஒரு நிமிடம் சும்மா கேட்டுக்கொண்டிருக்க வேண்டும், ஓடும்போது ரேடார் மாதிரி ஏதாவது காதில் விழுந்தால் உடனே அந்த இடத்தைக் காலி செய்ய வேண்டும், அரை மணி நேரத்துக்குத் திரும்பி வரக்கூடாது. இது டிஎஃப்எஸ் விதி. ரூட்டர் சேனல் மாறும்போது சில கருவிகள் கூடவே ஓடி வரும், சில வராமல் கீழே விழும். உங்களுக்கு ‘திடீரென்று எல்லாரும் ஒரே நேரத்தில் கட், ஒரு நிமிடம் கழித்து எல்லாரும் ஒரே நேரத்தில் ரெடி’ என்று நடந்தால் இதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். ரூட்டரின் லாகில் (நடந்ததையெல்லாம் பதிவு செய்யும் பக்கம்) ரேடார் என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். உண்மையான ரேடாராக இருக்கவேண்டும் என்றுகூட இல்லை, வேறு ஏதாவது சத்தத்தை ரேடார் என்று தப்பாக எடுத்துக்கொள்வதும் உண்டு. (சென்னைத் துறைமுகத்தில் இருக்கிற வானிலை ரேடார் எஸ் பேண்டில் வேலை செய்வது, 5 கிகாஹெர்ட்ஸ் பக்கமே வராது. அதைத் திட்ட வேண்டாம்.)

ஆகவே 5 கிகாஹெர்ட்ஸை 80 மெகாஹெர்ட்ஸாகக் குறையுங்கள், சேனலை 36 என்றோ 149 என்றோ கையால் நிறுத்துங்கள். 80-இல் உச்ச வேகம் 1201 ஆகிவிடும், நிஜத்தில் அதில் பாதி கிடைத்தாலும் உங்கள் 200-க்கு மூன்று மடங்கு. பல ஃபோன்கள் 160-ஐ எடுத்துக்கொள்வதே இல்லை. அகலத்தை இரட்டிப்பாக்கினால் இரைச்சலும் இரட்டிப்பாகும் என்பதால் 160-இல் தூரமும் குறையும். உங்கள் மாடி அறைக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். காசு கொடுத்து வாங்கிய எண்ணை நாமே குறைப்பதா என்று மனசு கேட்காது, ஆனால் வீட்டு நெட் நிலையாக நிற்க வேண்டுமென்றால் குறைப்பதுதான் வழி.

2.4 கிகாஹெர்ட்ஸில் அகலம் 20 மட்டும், 40 வேண்டவே வேண்டாம். சேனல் 1, 6, 11 இந்த மூன்றில் ஒன்று. பக்கத்து வீடுகள் எதில் குறைவாக இருக்கிறார்களோ அது. 3-இல் ஆளில்லை என்று அங்கே போய் உட்கார்ந்தால் 1-இல் இருப்பவரோடும் 6-இல் இருப்பவரோடும் மோதுவீர்கள், ஒரே மைக்கில் மூன்று பேர் பேசுகிற கதைதான். ஆட்டோவில் விட்டால் சில ரூட்டர்கள் 12, 13-க்குப் போய்விடும், அமெரிக்காவிலிருந்து வாங்கி வந்த ஃபோனுக்கோ லேப்டாப்புக்கோ அந்த இரண்டும் தெரியாமல் போகலாம். ரூட்டரின் யூஎஸ்பி 3 போர்ட்டில் ஹார்ட் டிஸ்க் செருகியிருந்தால் அதையும் எடுத்துப் பாருங்கள். யூஎஸ்பி 3 எழுப்பும் இரைச்சல் 2.4-இல் போய் விழும் என்று இன்டெல் 2012-லேயே ஒரு தொழில்நுட்ப அறிக்கையில் எழுதியிருக்கிறது, ஆனாலும் இன்றுவரை ஆண்டெனாவுக்குப் பக்கத்திலேயே அந்த போர்ட்டை வைத்து விற்கிறார்கள்.

ஸ்மார்ட் பிளக் கதைக்கு வருவோம். மலிவு விலை பிளக், பல்பு, மோட்டார் ஸ்விட்ச் எல்லாம் 2.4 மட்டும்தான் அறியும். புது ரூட்டர் இரண்டு பேண்டையும் ஒரே பெயரில் காட்டும், ஸ்மார்ட் கனெக்ட் என்றோ பேண்ட் ஸ்டீரிங் என்றோ சொல்வார்கள். போதாதற்கு பாதுகாப்பு டபிள்யூபிஏ3 அல்லது டபிள்யூபிஏ2-ம் 3-ம் கலந்தது என்று இருக்கும். பிளக்குக்குள் இருக்கும் சின்ன சிப்புக்கு இந்தக் கலப்பே புரியாமல் திணறும். ஸ்மார்ட் கனெக்ட்டை அணைத்துவிட்டு 2.4-க்குத் தனிப் பெயர் கொடுங்கள், அதில் டபிள்யூபிஏ2 மட்டும், வைஃபை 6-ஐ அந்த பேண்டில் மட்டும் அணைத்து, பழைய வைஃபை வகைகளான பி/ஜி/என் என்று வையுங்கள். பிளக்கைச் சேர்க்கும்போது ஃபோனும் அதே 2.4 பெயரில் இருக்கட்டும். வீட்டில் இந்த மாதிரிக் கருவிகள் பத்துக்கு மேல் இருந்தால் பழைய பெயரையும் பாஸ்வேர்டையும் இந்த 2.4-க்கே கொடுத்துவிடலாம், ஒவ்வொன்றாக ஏணி போட்டு ஏறி ரீசெட் பண்ண வேண்டியதில்லை.

லேப்டாப்புக்குப் பெயரே தெரியாதது வேறு வியாதி. இன்டெல் 7260, 8260 காலத்து வைஃபை கார்டுகளின் பழைய டிரைவருக்கு (கார்டை இயக்கும் மென்பொருள்) வைஃபை 6 ரூட்டர் ஒலிபரப்பும் அறிவிப்பைப் படிக்கத் தெரியாது, அதனால் அப்படி ஒரு நெட்வொர்க் இருப்பதாகவே காட்டாது. டிரைவரைப் புதுப்பித்தால் சரியாகிவிடும். புதுப்பிக்க நெட் வேண்டுமே என்றால் ஃபோனை யூஎஸ்பி ஒயரில் மாட்டி அதன் டேட்டாவில் இறக்கிக்கொள்ளுங்கள். மேலே சொன்ன 2.4 பெயரில் வைஃபை 6 அணைத்திருப்பதால் அதுவாவது உடனே தெரியும்.

மீட்டிங் நிற்பதற்கு இன்னொரு காரணமும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மேலே உள்ள எல்லாம் சரியான பிறகும் இது மட்டும் பாக்கி இருக்கக்கூடும். ஸ்பீட் டெஸ்ட் நன்றாக இருக்கும், பிங் ஜன்னல்களும் அறுந்து போகாது, ஆனால் வீட்டில் யாராவது ஃபோனில் எடுத்த படங்களை மேலே ஏற்ற ஆரம்பித்ததும் மூன்றாவது ஜன்னலில் 10 இருந்தது 300, 500 என்று ஏறும். அப்லோட் வரிசையில் தரவு குவிந்து, உங்கள் பேச்சு அதன் பின்னால் நிற்கிறது. 2010 வாக்கில் ஜிம் கெட்டிஸ் என்ற கணினி நிபுணர் தன் வீட்டு இணைப்பிலேயே இதைக் கவனித்து ‘பஃபர்ப்ளோட்’ என்று பேர் வைத்தார். 2012-இல் கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் கோடெல் என்ற தீர்வைக் கொண்டு வந்தார்கள், இன்று லினக்ஸில் அதன் வழிவந்தது இருக்கிறது. உங்கள் ரூட்டரில் கியூஓஎஸ் (எந்தத் தரவு முதலில் போக வேண்டும் என்று ஒழுங்குபடுத்துவது) என்று இருந்தால் அதில் அப்லோட், டவுன்லோட் இரண்டையும் நிஜமாகக் கிடைப்பதில் 85, 90 சதவீதம் என்று போடுங்கள். ஓப்பன்டபிள்யூஆர்டி (ரூட்டருக்கான இலவச மென்பொருள்) போடக்கூடிய ரூட்டராக இருந்தால் அதில் இதே வேலையைச் செய்யும் எஸ்கியூஎம் இன்னும் நன்றாக வேலை செய்யும். ஒரு எச்சரிக்கை, கியூஓஎஸ் போட்டால் ஹார்டுவேர் வேகமூட்டல் அணைந்துவிடும், மலிவு ரூட்டரின் புராசஸர் அதற்குப் பிறகு திணறலாம். 200-க்குப் பெரும்பாலும் தாங்கும், கிகாபிட் பிளான்காரர்கள் யோசித்துப் போடவும்.

மாடி அறைக்கு ரூட்டரால் செய்யக்கூடியது குறைவு. கம்பி கட்டிய கான்கிரீட் தளத்தை 5 கிகாஹெர்ட்ஸ் தாண்டுவது கஷ்டம், நடுவில் இரும்பு பீரோ ஒன்று நின்றால் கேட்கவே வேண்டாம். ரிப்பீட்டர் வாங்கச் சொல்வார்கள். ஒரே ரேடியோவில் கேட்டு அதையே திருப்பிச் சொல்கிற ரிப்பீட்டர் வேகத்தைப் பாதியாக்கும், மீட்டிங்குக்கு ஆகாது. ஜன்னல் வழியாகவோ ஒயரிங் பைப் வழியாகவோ மேலே ஒரு லேன் கேபிள் இழுத்துவிட்டு, பழைய ரூட்டர் ஏதாவது சும்மா இருந்தால் அதை அங்கே வையுங்கள். அதன் முகவரியை வேறாக மாற்றி, டிஹெச்சிபியை (கருவிகளுக்கு ஐபி முகவரி கொடுக்கும் வேலை) அணைத்து, கேபிளை வான் போர்ட்டில் செருகாமல் லேன் போர்ட்டில் செருகுங்கள். இப்போது இரண்டும் ஒரே நெட்வொர்க், ஆகவே ஒரே பெயரும் பாஸ்வேர்டும் வைக்கலாம், சேனல் மட்டும் வேறாக இருக்கட்டும். டிஹெச்சிபியை அணைக்க மறந்தால் இரண்டு பெட்டிகளும் போட்டி போட்டுக்கொண்டு முகவரி கொடுக்கும், அந்தக் குழப்பத்தைக் கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

செய்யும்போது எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். முதலில் ஃபர்ம்வேரை (ரூட்டருக்குள் இருக்கும் மென்பொருளை) புதுப்பித்து, ஒரு ஃபேக்டரி ரீசெட், பேக்கப் ஃபைலிலிருந்து ஏற்றாமல் செட்டிங்குகளைக் கையால் போடுங்கள். அடுத்து கரண்ட், பழைய வைஃபையை அணைப்பது, அப்புறம் சேனல். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு நாளாவது பிங் ஜன்னல் ஓடட்டும். தினமும் விடிகாலையில் தானாக ரீபூட் ஆகும்படி வைத்தால் சரியாகிவிடும் என்று சொல்வார்கள், இப்போது அதைப் போடாதீர்கள். போட்டால் அப்டைம் கணக்கு கலைந்துவிடும், எது காரணம் என்று தெரியாது.

இத்தனைக்குப் பிறகும் சொந்த அடாப்டரில், சுவர் பிளக்கில், காற்றோட்டமான இடத்தில், ஃபர்ம்வேர் புதுசாக இருந்தும் அப்டைம் பூஜ்யத்துக்குப் போகிறது, கேபிளில் மாட்டிய லேப்டாப்பிலும் முதல் ஜன்னலே விழுகிறது என்றால் பெட்டி பழுதுதான். அப்டைம் பக்கத்தையும் லாகையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு, அந்தக் கடைசித் தேதிக்குள் திருப்பிவிடுங்கள். வேறு வாங்கும்போது பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கிற ஹார்டுவேர் வெர்ஷனையும் பாருங்கள். ஒரே மாடல் பெயரில் வி1-க்கும் வி2-க்கும் உள்ளே சிப்பே வேறாக இருக்கலாம், நீங்கள் படித்த நல்ல விமர்சனம் வி1-ஐப் பற்றியதாக இருந்து கைக்கு வந்தது வி3-ஆக இருக்கும்.